டிரைவருக்கு ஈ, கண்டக்டருக்கு ஓ: ஆங்கில ஸ்பெல்லிங்கின் உள்கணக்கு

பஸ்ஸில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் டிரைவர், மற்றவர் கண்டக்டர். தமிழில் எழுதினால் இரண்டும் ‘அர்’ என்று முடிகின்றன. வாயால் சொன்னாலும் அதே ஓசைதான். ஆங்கிலத்தில் எழுதும்போது டிரைவருக்குக் கடைசியில் ஈ, ஆர் வருகிறது. கண்டக்டருக்கு ஓ, ஆர். சுவரில் தொங்கும் காலண்டரை எழுதப்போனால் ஏ, ஆர். ஓசை ஒன்று, எழுத்து மூன்று.

நான் படித்த காலத்தில் இதற்கு இருந்த ஒரே மருந்து இம்போசிஷன். தப்பாக எழுதிய சொல்லை 50 தடவை சரியாக எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதினேன். பத்தாவது தடவைக்கு மேல் கை மட்டும் ஓடும், மனசு எங்கேயோ இருக்கும். அடுத்த பரீட்சையில் அதே சந்தேகம் அதே இடத்தில் வந்து நிற்கும். இங்கே ஏன் ஓ, அங்கே ஏன் ஈ என்று கேட்டால், “இங்கிலீஷ் அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்பார்கள். அந்தப் பதில் பாதிதான் உண்மை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. மீதிப் பாதியை யாராவது அப்போதே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

கண்டக்டரையே எடுத்துக்கொள்வோம். கண்டக்ட், கலெக்ட், டைரக்ட், இன்ஸ்பெக்ட், ஆக்ட். இந்த வினைகள் எல்லாமே ‘க்ட்’ என்ற ஓசையில் முடிகின்றன. எல்லாமே லத்தீன் வழி வந்தவை. லத்தீனில் ஒரு வேலையைச் செய்பவரைக் குறிக்கும் விகுதி ஓ-ஆர். ஆகவே கண்டக்டர், கலெக்டர், டைரக்டர், இன்ஸ்பெக்டர், ஆக்டர் எல்லோருக்கும் ஓ. டாக்டரும் டிராக்டரும்கூட இந்தக் கூட்டம்தான். டிரைவ், டீச், சிங் ஆகியவை ஆங்கிலத்தின் சொந்த வினைகள். அந்த மொழியின் சொந்த விகுதி ஈ-ஆர். காலண்டரில் வேலை செய்பவர் யாரும் இல்லை. அது மாதத்தின் முதல் நாளைக் குறித்த ஒரு லத்தீன் சொல்லிலிருந்து, கணக்குப் புத்தகம் என்ற பொருள் வழியாக வந்தது. ஏ அந்த லத்தீனிலேயே இருந்தது. விதிவிலக்குகள் உண்டு. கம்ப்யூட்டரின் வேர் லத்தீன், ஆனாலும் ஈ-ஆர்தான். ஆனால் ‘க்ட்’ என்று முடியும் வினையைப் பார்த்ததும் ஓ-ஆர் போடுகிறவர் அநேகமாகத் தவற மாட்டார்.

இதே இருவரைத் தமிழில் எழுதும்போதும் நமக்கு ஒரு தடுமாற்றம் உண்டு. ஓட்டுநரா, ஓட்டுனரா? நடத்துநரா, நடத்துனரா? காதுக்கு வித்தியாசமே தெரியாது. ஓட்டு என்ற வினையோடு ‘நர்’ என்ற விகுதி சேர்கிறது என்று தெரிந்தவர் தந்நகரம் போடுவார். இயக்குநர், பயிற்றுநர் எல்லாம் அப்படியே. உறுப்பினர் என்ற சொல்லில் அந்த விகுதி இல்லை, அதனால் றன்னகரம். சொல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தால் எழுத்து தானாக வரும். ஆங்கிலத்திலும் பெரும்பாலான இடங்களில் இதுதான் வழி. ஆங்கில ஸ்பெல்லிங் ஒலியை மட்டும் பதிந்துவைப்பதில்லை. சொல் எங்கே பிறந்தது, யாரோடு உறவு, எங்கே ஒட்டியது என்பதையும் பதிந்துவைக்கிறது. காதை மட்டும் நம்பி எழுதினால் தப்பு வரும். உறவை விசாரித்து எழுதினால் பாதித் தப்பு போய்விடும்.

மேலே போகும் முன் ஒன்று. ஆங்கில எழுத்துகளை வாயால் சொல்லுகிற மாதிரியே இங்கே எழுதுகிறேன். தமிழில் பி என்று எழுதினால் அது பந்தின் பி-யா, பேனாவின் பி-யா என்று தெரியாது. டி-க்கும் அதே நிலை. சொல்லை வைத்து எந்த எழுத்து என்று நீங்களே அறிந்துகொள்ளலாம். நம் எழுத்து முறையும் ஒலியை அப்படியே எழுதுவது அல்ல என்பதற்கு இதுவே சாட்சி. கல், தங்கம், அகம் ஆகிய மூன்றிலும் க என்ற ஒரே எழுத்து மூன்று விதமாக ஒலிக்கிறது. நமக்கு அது தடையாகத் தெரியாததற்குக் காரணம், எந்த இடத்தில் எந்த ஒலி என்பது சின்ன வயதிலேயே பழகிவிட்டது.

எழுத்து நின்றது, ஓசை நடந்தது

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். பிரிட்டனில் தரமாகக் கருதப்படும் உச்சரிப்பில் சுமார் 44 ஒலிகள். லத்தீனுக்காக உண்டான எழுத்துகளைக் கடன் வாங்கியதால் தொடக்கத்திலேயே பற்றாக்குறை. தமிழின் எழுத்து தமிழ் ஒலிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆங்கிலத்தின் எழுத்து அடுத்த வீட்டுச் சட்டை.

1066-இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு எழுதுகிற வேலை பெரும்பாலும் பிரெஞ்சு முறையில் பயின்றவர்கள் கைக்குப் போனது. ராணியைக் குறிக்கும் சொல்லை சி-டபிள்யூ போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அது க்யூ-யூ ஆனது. அந்தக் காலத்துக் கையெழுத்தில் எம், என், யூ எல்லாம் நெட்டுக்கோடுகளாக அடுத்தடுத்து நிற்கும். யூ எங்கே முடிகிறது, என் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் பல சொற்களில் யூ-வை எடுத்துவிட்டு ஓ போட்டார்கள். லவ், கம், மகனைக் குறிக்கும் சன், துறவியைக் குறிக்கும் மங்க் எல்லாவற்றிலும் ‘அ’ மாதிரி ஒலிக்கிற இடத்தில் ஓ உட்கார்ந்திருப்பது அதனால்தான். படிக்கிறவர் கண் தடுமாறக் கூடாது என்று எழுதியவர் செய்த உதவி அது. ஓலைச்சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று புள்ளியில்லாமல் எழுதிய நம் முன்னோரும் எழுதுகருவிக்காக எழுத்தை வளைத்தவர்கள்தான்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயம். ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் ஓசைகள் எல்லாம் வாய்க்குள் இடம் மாறின. நேம் என்ற சொல் அதற்கு முன் ‘நாம’ மாதிரி ஒலித்தது. ஹவுஸ் என்பது ‘ஹூஸ்’. பைட் என்பது ‘பீட்’ மாதிரி. இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1476-இல், வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது. ஓசை தொடர்ந்து நடந்தது. இன்று நாம் எழுதுவது பெரும்பாலும் அந்தக் காலத்து உச்சரிப்பைத்தான். நைஃப், நீ, நோ என்ற சொற்களின் முன்னால் நிற்கும் கே ஒருகாலத்தில் நிஜமாகவே ஒலித்தது. நைட் என்ற சொல்லின் நடுவில் இருக்கும் ஜி-ஹெச் தொண்டையிலிருந்து வரும் ஒரு காற்றொலி. ஜெர்மன்காரர்கள் இரவைச் சொல்லும் சொல்லில் அந்த ஒலி இன்றும் உயிரோடு இருக்கிறது. இவற்றை ஊமை எழுத்து என்கிறோம். ஊமையாகப் பிறந்தவை அல்ல, பின்னால் வாய் மூடியவை.

கேக்ஸ்டன் பல வருஷம் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ப்ரூஜ் நகரத்தில் வாழ்ந்தவர். பேயைக் குறிக்கும் கோஸ்ட் என்ற சொல்லில் ஜி-க்குப் பின்னால் ஹெச் நுழைந்தது அவர் அச்சில்தான். அந்த ஊரில் பேசிய ஃபிளெமிஷ் மொழியில் அன்று அந்தச் சொல்லுக்கு ஹெச் உண்டு. அந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது.

அடுத்தது பண்டிதர்களின் கைவேலை. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லை பி இல்லாமல்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே என்று 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் அதை நடுவில் சொருகினார்கள். டவுட், ரெசீட் ஆகியவற்றுக்கும் அதே கதை. ஒலிக்காத எழுத்தை இப்படிச் சேர்த்தது பிள்ளைகளுக்குச் செய்த கொடுமை என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. இப்போது அவ்வளவு கோபம் இல்லை. டெபிட் கார்டை நினைத்தால் டெட்டில் இருக்கும் பி ஞாபகம் வருகிறது. ஹோட்டல் வாசலில் இருக்கும் ரிசப்ஷனை நினைத்தால் ரெசீட்டில் ஒளிந்திருக்கும் பி வருகிறது. உறவுக்காரச் சொல்லில் அந்த எழுத்து வாய் திறந்து பேசுகிறது.

பண்டிதர்கள் தவறியதும் உண்டு. தீவைக் குறிக்கும் ஐலண்ட் ஆங்கிலத்தின் சொந்தச் சொல். லத்தீனில் தீவுக்கு இருக்கும் சொல்லோடு இதற்கு உறவு என்று நினைத்து ஒரு எஸ் சேர்த்தார்கள். உறவே கிடையாது. தப்பு நிலைத்து, இன்று எஸ் போடாவிட்டால்தான் தப்பு. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் பெரிய அகராதியை வெளியிட்டபோது நடைமுறையில் இருந்ததைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டார். ரெசீட்டுக்கு ஊமை பி உண்டு, அதே லத்தீன் வேரில் பிறந்த, வஞ்சகத்தைக் குறிக்கும் டிசீட்டுக்கு அது கிடையாது என்ற முரண் அந்த அகராதியோடு உறுதியாகிவிட்டது.

வெளியிலிருந்து வந்த சொற்களும் தத்தம் ஊர்ச் சட்டையோடு வந்தன. சைக்காலஜியின் முன்னால் இருக்கும் பி கிரேக்கத்திலிருந்து வந்தது, பீரோவின் கடைசியில் இருக்கும் மூன்று உயிரெழுத்தும் பிரெஞ்சு. நம் ஊரிலிருந்து போன கட்டுமரம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு டி-யோடு நிற்கிறது; நமக்கு அங்கே ட் இரட்டிக்கும். மிளகுத்தண்ணி என்ற நம் ரசம் அங்கே போய் சூப் ஆனபோது, இரட்டிக்காத ளகரத்துக்கு இரண்டு எல் கிடைத்தது, இரட்டித்த தகரத்துக்கு ஒரே டி. கேட்டவர் காதில் விழுந்தபடி எழுதினார், அதுவே நிலைத்தது.

இதையெல்லாம் ஒலிக்கு ஏற்ப மாற்றிவிடலாமே? முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் கலர் என்ற சொல்லில் யூ-வை நீக்கினார், சென்டரின் கடைசியை ஈ-ஆர் ஆக்கினார். அவை நிலைத்தன, 1828-இல் வந்த அவருடைய அகராதி அதற்குப் பெரிய துணை. நாக்கைக் குறிக்கும் சொல்லை ஒலிப்படி நான்கே எழுத்தில் எழுதலாம் என்றார், யாரும் ஏற்கவில்லை. 1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய ஸ்பெல்லிங்கில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். அந்த வருஷம் முடிவதற்குள் நாடாளுமன்ற எதிர்ப்பால் பின்வாங்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் 1978-இல் ஓர் அரசாணையால் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. அது எழுத்தின் வடிவத்தை மாற்றியது, சொல்லின் எழுத்துக்கூட்டலைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் ஒலிப்படி எழுதுவது என்றால் யாருடைய ஒலிப்படி? டிரைவர் என்ற சொல்லின் கடைசி ஆர்-ஐ லண்டன்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை. ஸ்காட்லாந்துக்காரர் சொல்கிறார், நாமும் சொல்கிறோம். ஒலிப்படி எழுதத் தொடங்கினால் ஊருக்கு ஒரு ஆங்கிலம் வந்துவிடும். இப்போது இருக்கும் கோணல் எழுத்துதான் எல்லோரையும் ஒரே பக்கத்தைப் படிக்க வைக்கிறது.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த விதிகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எழுத்து இரட்டிக்கும் இடம்தான் அதிகத் தப்பு நடக்கும் இடம். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு அந்த விதி புதிதே அல்ல.

நன்னூலில் ஒரு வரி உண்டு: ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’. கல் என்பதோடு ஐ சேர்ந்தால் கல்லை. கால் என்பதோடு ஐ சேர்ந்தால் காலை. முன்னது குறில், அதனால் லகரம் இரட்டியது. பின்னது நெடில், இரட்டவில்லை. இப்போது ஆங்கிலத்தைப் பாருங்கள். ரன் என்பதோடு இங் சேர்ந்தால் இரண்டு என். மழையைக் குறிக்கும் ரெயின் என்பதோடு இங் சேர்ந்தால் ஒரே என். ஸ்விம், ஸ்டாப், கட், ஷாப் எல்லாவற்றுக்கும் கடைசி எழுத்து இரட்டிக்கிறது. ரீட், ஸ்லீப், குக் என்பவற்றில் உயிரெழுத்து இரண்டாக நிற்கிறது, அதனால் இரட்டிப்பது இல்லை. இரவு உணவான டின்னருக்கு இரண்டு என், அதைச் சாப்பிடும் டைனிங் டேபிளுக்கு ஒரு என். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் தமிழுக்குச் சொன்ன விதி இங்கே ஒட்டிப்போவதை முதன்முதலில் கவனித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. தமிழ் எழுத்தில் ட் இரட்டித்தால்தான் அழுத்தமான ஒலி வரும். அதனால் ரைட்டிங், மீட்டிங் என்று எழுதுகிறோம். அந்தக் கண்பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ரைட்டிங்குக்கு இரண்டு டி போட்டுவிடுகிறோம். நம் பிள்ளைகளின் நோட்டில் நான் அதிகம் பார்த்த தப்புகளில் இது ஒன்று. ‘ரை’ என்பது நெடிலாக நீள்கிறது, அதனால் ஒரே டி. ரிட்டன் என்று சொல்லும்போது ‘ரி’ குறில், அங்கே இரண்டு டி. தமிழில் எழுதும் வடிவத்தைப் பார்க்காதீர்கள், குறிலா நெடிலா என்று மட்டும் கேளுங்கள்.

கொஞ்சம் நீளமான சொற்களில் என்ன நடக்கிறது? மகள் என்பதோடு ஐ சேர்ந்தால் மகளை. தனிக்குறில் இல்லை, இரட்டவில்லை. ஆங்கிலத்திலும் விசிட், ஓப்பன், என்டர், ஆஃபர் என்பவை விகுதி சேரும்போது இரட்டுவதில்லை. ஆனால் பிகின், அக்கர், ரெஃபர், ஃபர்கெட், பெர்மிட் என்பவை இரட்டுகின்றன. காரணம் அழுத்தம். பிகின் என்ற சொல்லில் ‘கின்’ என்ற பகுதியை ஆங்கிலேயர் அழுத்திச் சொல்வார்கள். அழுத்தம் விழுந்த அசை தனியே நிற்கும் குறிலைப் போல நடந்துகொள்கிறது. விசிட்டில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. தமிழில் அசையை அழுத்திச் சொல்வதால் பொருள் மாறுவதில்லை, அதனால் நம் காது அதைப் பிரித்துப் பார்த்துப் பழகவில்லை. ஆங்கிலச் செய்தி வாசிப்பவரைக் கொஞ்ச நாள் அசை அசையாகக் கவனித்துக் கேட்டால் போதும். ரெஃபர்ட் என்றால் கடைசியில் அழுத்தம், இரண்டு ஆர். ரெஃபரன்ஸ் என்றால் அழுத்தம் முன்னால் ஓடிவிடுகிறது, ஒரே ஆர். பிரிட்டிஷ் முறையில் எல்-இல் முடியும் டிராவல், கேன்சல் போன்றவை மட்டும் அழுத்தத்தைப் பார்க்காமல் இரட்டும். அமெரிக்கர் அங்கே ஒரு எல்லோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அடுத்த விதியும் நம்முடையது மாதிரியே இருக்கிறது. காசு என்பதோடு இல்லை சேர்ந்தால் காசில்லை. உயிர் வந்ததும் கடைசிக் குற்றுகரம் இடத்தைக் காலி செய்கிறது. காசு என்பதோடு கள் சேர்ந்தால் காசுகள். மெய் வந்ததால் உகரம் அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் கேர், ஹோப், மேக் போன்றவற்றின் கடைசியில் இருக்கும் ஊமை ஈ அப்படித்தான். இங் வந்தால் போய்விடும். ஃபுல் வந்தால் நிற்கும். கம் என்ற வினைக்கும் கடைசியில் ஈ இருக்கிறது. அதனால் கமிங் என்று எழுதும்போது ஈ போகிறது, எம் இரட்டுவதில்லை. நோட்டிஸ், மேனேஜ் போன்றவற்றோடு ஏபிள் சேரும்போது மட்டும் ஈ போகாது. அது போனால் சி, கல்லின் ககரமாகவும் ஜி, தங்கத்தின் ககரமாகவும் ஒலித்துவிடும், அதனால் காவலுக்கு நிற்கிறது. ஆர்கியூமென்ட், ட்ரூலி, ஒன்பதாவதைக் குறிக்கும் நைன்த் ஆகிய மூன்றிலும் ஈ விதியை மீறி ஓடிவிடும். இவற்றை மனப்பாடம்தான் பண்ண வேண்டும்.

எழுத்து இரட்டித்து வரும் இன்னொரு வகை உண்டு. அக்காமடேஷன் என்ற சொல்லை லாட்ஜ் போர்டுகளில் ஒரே எம்-மோடு எத்தனையோ முறை பார்த்திருப்போம். இரண்டு சி, இரண்டு எம். ஏன்? நல் என்பதும் நூல் என்பதும் சேர்ந்தால் நன்னூல். அடுத்த சொல்லின் முதல் எழுத்துக்காக லகரம் தன்னை மாற்றிக்கொள்கிறது. லத்தீனிலும் இதே புணர்ச்சி நடந்தது. ‘அட்’ என்ற முன்னொட்டு சி-க்கு முன்னால் வந்தபோது தானும் சி ஆனது. அதை அடுத்து ‘காம்’ என்ற முன்னொட்டு. அதன் எம்-மும், அளவைக் குறிக்கும் ‘மோட்’ என்ற வேரின் எம்-மும் சேர்ந்து இரண்டு. அதே ‘அட்’தான் அப்பியர், அட்டென்ட், அனௌன்ஸ், அசிஸ்ட், அரைவ் என்று வெவ்வேறு வேஷத்தில் வந்து ஒவ்வொன்றிலும் எழுத்தை இரட்டிக்கிறது. ‘இன்’ என்ற எதிர்மறை லீகலுக்கு முன்னால் இல்லீகல் ஆகிறது, ரெகுலருக்கு முன்னால் இர்ரெகுலர் ஆகிறது. சொல்லைப் பிரித்து எழுதிப் பார்த்தால் எத்தனை எழுத்து என்று தெரிந்துவிடும். ரெக்கமெண்ட் என்றால் ரீ, பிறகு கமெண்ட்: ஒரு சி, இரண்டு எம். டிசப்பியர் என்றால் டிஸ், பிறகு அப்பியர்: ஒரு எஸ், இரண்டு பி. ஸ்பெல்லிங் தப்பைக் குறிக்கும் மிஸ்ஸ்பெல் என்ற சொல் மிஸ், பிறகு ஸ்பெல்: இரண்டு எஸ்.

மங்கிப்போன உயிரெழுத்தும் அதன் உறவும்

அழுத்தம் விழாத அசையில் ஆங்கிலேயர் எந்த உயிரெழுத்தையும் ஒரே மாதிரி மங்கலாகச் சொல்வார்கள். ஏ, ஈ, ஐ, ஓ எல்லாம் அங்கே ஒன்றுதான். டெஃபினிட் என்ற சொல்லில் நடுவில் ஏ-யா ஐ-யா என்ற சந்தேகம் அதனால் வருகிறது. சந்தேகம் வந்தால் அதே குடும்பத்தில் அந்த அசை தெளிவாக ஒலிக்கும் இன்னொரு சொல்லைத் தேடுங்கள். டெஃபினிஷன், இன்ஃபினிட்டி: ஐ. கிராமருக்குக் கடைசியில் ஏ-யா ஈ-யா? கிராமட்டிக்கல் என்று சொல்லிப் பாருங்கள்: ஏ. செப்பரேட் என்ற சொல்லில் பி-க்குப் பின்னால் ஈ போடுவது ஆங்கிலேயரே செய்யும் தப்பு. அதன் கூடப்பிறந்த சொல் பிரிப்பேர். இரண்டிலும் ‘பேர்’ என்ற ஒரே லத்தீன் வேர், இரண்டிலும் ஏ. செகரட்டரியை எழுதும்போது முதலில் சீக்ரெட்டை எழுதிவிடுங்கள். ரகசியத்தைக் காப்பவர் என்பதுதான் அந்தப் பதவிக்கு ஆதிப்பொருள். கவர்மென்ட்டுக்கு நடுவில் ஒரு என் இருப்பது கவர்ன் என்ற வினையை நினைத்தால் தெரியும். பிரிவிலேஜ் என்ற சொல்லில் டி கிடையாது, ஏனென்றால் அதன் பின்பாதி லீகல் என்ற சொல்லின் வேர். தனி ஒருவருக்கான சட்டம் என்று பொருள். கையெழுத்துப் போடும் சைன் என்ற சொல்லில் ஜி ஏன்? சிக்னல், சிக்னேச்சர்.

உறவும் சில சமயம் கைவிடும். மெயின்டெயின் என்ற வினையை நம்பி மெயின்டெனன்ஸ் எழுதினால் தப்பு. நடுவில் ஏ-ஐ கிடையாது, ஈ மட்டும். ப்ரொனவுன்ஸில் இருக்கும் ஓ-யூ ப்ரொனன்சியேஷனில் யூ மட்டுமாகக் குறைகிறது. எக்ஸ்பிளெயின், எக்ஸ்பிளனேஷன் ஜோடியும் இப்படியே. ஆனால் இந்தச் சொற்களில் மாற்றம் காதுக்குத் தெளிவாகக் கேட்கிறது. உயிரொலி மாறினால் எழுத்தும் மாறியிருக்கலாம் என்று ஒருமுறை அகராதியைப் பார்த்துவிடுவது நல்லது.

‘சி-க்குப் பின்னால் தவிர, ஐ முன்னால், ஈ பின்னால்’ என்று ஒரு பாட்டு விதி உண்டு. பிலீவ், ஃபீல்டு, ரிசீவ், சீலிங் என்று ‘ஈ’ ஓசை வரும் இடங்களில் ஓரளவு உதவும். பறிமுதல் செய்வதைக் குறிக்கும் சீஸ், வியர்டு, புரோட்டீன் என்று வரிசையாக மீறல்கள் உண்டு. பிரிட்டன் அரசே 2009-இல் ஆசிரியர்களுக்கான வழிகாட்டியில் இந்த விதியைச் சொல்லித்தர வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நானும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

கம்ப்யூட்டர் கோடு போடாத இடங்கள்

சிவப்புக் கோடு வந்தால் தப்பு, வராவிட்டால் சரி என்று நம்புவதில் இரண்டு ஆபத்து. ஒன்று, போனிலும் கம்ப்யூட்டரிலும் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், நாம் பள்ளியில் படித்த பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் எல்லாம் தப்பு மாதிரி தெரியும். கடிதத்தில் பாதி இப்படியும் பாதி அப்படியும் ஆகிவிடும். செட்டிங்கில் போய் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். (ரியலைஸ் போன்ற சொற்களில் இசட் போட்டாலே அமெரிக்க முறை என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் இசட்தான் போடுகிறது.)

இரண்டு, தப்பான இடத்தில் வந்த சரியான சொல்லைப் பல சமயம் அது கண்டுபிடிக்காது. இடத்தைக் குறிக்கும் தேர் என்ற சொல்லுக்குள் ஹியர் என்ற சொல் இருக்கிறது. வேர் என்று இடம் கேட்கும் சொல்லுக்குள்ளும் இருக்கிறது. அவர்களுடையது என்பதற்குள் வாரிசைக் குறிக்கும் சொல் இருக்கிறது. இழப்பதற்கு ஒரு ஓ, லாஸ்ட் என்பதில் இருப்பது போல. தளர்ந்த லூஸுக்கு இரண்டு ஓ. அட்வைஸ் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். பிரிட்டிஷ் முறையில் லைசென்ஸும் பிராக்டிஸும் அதே வழியில் போகும். பேனா, பேப்பர் விற்கும் ஸ்டேஷனரி கடைக்கு ஈ. அதை விற்பவர் ஸ்டேஷனர், டிரைவர் மாதிரி ஈ-ஆர். அசையாமல் நிற்பதற்கு ஏ. இரண்டும் ஒரே வேர்தான். தெருத்தெருவாகச் சுற்றாமல் ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவருக்கு இடைக்காலத்தில் வைத்த பெயர் அது.

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் தம்பி தங்கைகள் என்னிடம் காட்டும்போது நான் செய்வது இதுதான். கடைசி வரியிலிருந்து மேலே போவேன். மேலிருந்து படித்தால் கண் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். கீழிருந்து போனால் ஒவ்வொரு சொல்லிலும் நின்றாக வேண்டும். சந்தேகமான சொல்லை எழுத்துப்படியே வாய்விட்டுச் சொல்வேன்: புதன்கிழமைக்கு ‘வெட்-நெஸ்-டே’, பிப்ரவரிக்கு ‘ஃபெப்-ரு-அரி’, அலமாரிக்கு ‘கப்-போர்டு’. மற்றவர் கேட்கச் சொல்ல வேண்டியதில்லை, எழுதும் கைக்குக் கேட்டால் போதும்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு. அகராதியில் இருக்கும் எல்லாச் சொல்லும் அதில் வேண்டாம். ஒருவர் திரும்பத் திரும்பத் தவறும் சொற்கள் அநேகமாக முப்பது நாற்பதைத் தாண்டாது. சொல்லை இடப்பக்கம் எழுதி, வலப்பக்கத்தில் அதன் உறவை எழுத வேண்டும். 50 தடவை எழுத வேண்டாம், ஒரு தடவை உறவோடு எழுதினால் போதும். என் நோட்டில் செப்பரேட்டுக்கு எதிரே பிரிப்பேர் இருக்கிறது, டவுட்டுக்கு எதிரே டூபியஸ் இருக்கிறது. எம்பாரஸுக்கு இரண்டு ஆர், இரண்டு எஸ். ஹராஸுக்கு ஒரு ஆர், இரண்டு எஸ். அந்த இரண்டுக்கும் நேரே வலப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. அவற்றை மட்டும் ஒவ்வொரு தடவையும் எழுத்தெழுத்தாக வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுகிறேன்.